ராக்கெட்டு கேசட்டின் இரண்டாம் பாதி

அப்பா,

ராக்கெட்டு கேசட்டைச் சுத்தம் செய்துவிட்டார்கள். இரைச்சலையெல்லாம் நீக்கி, புதிதாக மெருகேற்றி, போனில் கேட்கிற மாதிரி விட்டிருக்கிறார்கள். நேற்று வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போன் தானாகவே அதை எடுத்து நீட்டியது. போட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

சூரியன் மங்கத் தொடங்கிய கதையை அந்தக் கனத்த குரல்காரர் சொல்லிக்கொண்டே வருவாரே, நடுவில் ஓரிடத்தில் 'கர்க்' என்று ஒரு சத்தம் வந்து பாதி வாக்கியத்தைத் தாண்டிக் குதிப்பாரே, நேற்று அவர் குதிக்கவில்லை. முழுவதையும் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். அறுந்த நாடாவை நீங்கள் ஜீப்பின் பேனட் மேல் வைத்து, செல்லோ டேப் ஒட்டி, கட்டைவிரல் நகத்தால் தேய்த்துச் சேர்த்தபோது காணாமல் போன வாக்கியம் அது. இத்தனை வருஷம் கழித்துக் கேட்டால் அதில் ஒன்றுமே இல்லை. அந்த வருஷம் குளிர் சீக்கிரம் வந்துவிட்டதாம். அவ்வளவுதான். நான் அந்தக் 'கர்க்'குக்காகக் காத்திருந்து, அது வராமல் போய், இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.

இதை ஓசூரில் யாரிடம் சொல்வது? அறையில் இருக்கிற பையனிடம் சொன்னேன். "சவுண்ட் குவாலிட்டி நல்லாத்தானே இருக்கு?" என்றான். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினை என்று அவனுக்கு விளக்கப் பொறுமை இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கதையும் பாட்டும் கலந்த அந்த இசைநாடகத்தின் ஆங்கிலப் பெயர் இப்போது எனக்குத் தெரியும். நமக்கு அது ராக்கெட்டு கேசட்டு. அப்படியே இருக்கட்டும். குமுளியில் ஒரு மலையாளி கடை, சிடி வந்த பிறகு பழைய கேசட்டுகளைச் சாக்கு விரித்துக் குவித்து விற்றபோது, அட்டைப் படத்தைப் பார்த்து நீங்கள் எடுத்து வந்தது. சிவப்பு மணலுக்கு மேலே கரிய கப்பல் ஒன்று மிதக்கும் படம். உள்ளே இரண்டு கேசட்டுக்கு இடம் இருந்தது. ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றைக் கேட்டதற்குக் கடைக்காரர், "அது போயி சேட்டா" என்றாராம்.

நீங்கள் ஒன்றும் இசை ரசிகர் இல்லை. அந்தக் கேசட்டு நம் வண்டிக்குள் வந்ததற்குக் காரணம் சண்டை. கம்பத்திலிருந்து விடிகாலையில் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு நீங்கள் ஓட்டிய ஜீப்பில், என்ன பாட்டுப் போடுவது என்று தினமும் அடிதடி. முன்சீட்டுப் பேச்சியக்காவுக்கு அம்மன் பாட்டு வேண்டும். பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் வந்த படத்துப் பாட்டு வேண்டும். நடுவில் இருந்தவர்கள் பழைய பாட்டு கேட்பார்கள். ஒருநாள் நீங்கள் எல்லாக் கேசட்டையும் எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இதைச் சொருகினீர்கள்.

"இது என்ன எளவுண்ணே, பேய் ஊளையிடுது?" என்றது பேச்சியக்கா.

"எனக்கும் புரியாது, ஒனக்கும் புரியாது, பின்னாடி இருக்கிற ராணிகளுக்கும் புரியாது. இனி இதுதேன். சண்டை முடிஞ்சுச்சு."

அப்படித்தான் அது நிரந்தரமானது. யாருக்கும் புரியாத பாட்டு என்பதால் யாருக்கும் புகாரில்லை. வேறு எந்த ஊர் டிரைவருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

ஆனால் மனிதர்கள் சும்மா கேட்டுக்கொண்டு வரமாட்டார்களே. ஒரு வாரத்தில், "அந்த ஆளு என்னமோ வெசனத்தோட சொல்றாரு, என்னன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் ஆங்கிலம் எட்டாம் வகுப்போடு நின்றது. அதில் சூரியனும் விதையும் தண்ணீரும் கேப்டனும் உங்களுக்குப் பிடிபட்டன. மிச்சத்தைச் சத்தத்திலிருந்து கட்டினீர்கள். 'புஸ்ஸ்' என்று காற்று போகிற இடத்தில், "பஞ்சர் ஆயிருச்சு." கோரஸ் பாடுகிற இடத்தில், "கெளம்புறதுக்கு முன்னாடி சாமி கும்பிடுறாக." எலக்ட்ரானிக் மணி கிணுகிணுக்கும்போது, "செக்போஸ்ட்டுல நிறுத்திட்டாக, பேப்பரக் கேக்குறாக." அம்மா திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் லீவு நாளெல்லாம் நான் உங்கள் பக்கத்தில், கியருக்கும் பேச்சியக்காவின் தூக்குச்சட்டிக்கும் நடுவே இருப்பேன். கதை எனக்குத்தான் சொல்லப்படுகிறது என்று நினைத்திருந்தேன்.

சூரியன் அணைந்துகொண்டிருக்கிறது. விதையும் ஆட்களுமாக ஒரு கப்பல் வேறு உலகத்துக்குக் கிளம்புகிறது. ஆட்கள் எல்லாரும் பனிக்குள் தூங்குகிறார்கள், கேப்டன் மட்டும் முழித்திருக்கிறார். இதுவரைக்கும் நீங்கள் சொன்னது சரி. எப்படிச் சரியாகப் பிடித்தீர்கள் என்று இன்னும் தெரியவில்லை. மலை ஏற ஆரம்பிக்கும்போது கப்பல் கிளம்பும். கொண்டை ஊசி வளைவுகளில் கோரஸ் ஏறும். எல்லையில், கம்பம்மெட்டில் சாயா குடிக்க நிறுத்தும்போது முதல் பக்கம் முடிந்திருக்கும். கேசட்டைத் திருப்பிப் போடுகிற வேலை என்னுடையது. அதனால் எனக்கு வெகுநாள் வரைக்கும் கேரளா என்பது இரண்டாவது பக்கம்தான். அங்கே குளிரும், பனி மூட்டமாக இருக்கும், கனத்த குரல்காரர் கொஞ்சம் பயந்து பேசுவார். பள்ளிக்கூடத்தில் வேற்றுக்கிரகம் வரையச் சொன்னபோது நான் ஏலச்செடி வரைந்தேன். டீச்சர் முட்டை போட்டார், பேச்சியக்கா எனக்கு ராக்கெட்டு என்று பேர் வைத்தது. இப்போதும் நான் வரைந்ததுதான் சரி என்பேன்.

அந்தக் கேசட்டின் மேல் எனக்கு இருந்தது என்ன மாதிரியான ஆசை என்று சொல்லத் தெரியவில்லை. பிளேயரைக் கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டத் தெரியாமல் உங்களிடம் உதை வாங்கியது அதனால்தான். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற அரிப்பு அங்கே பிடித்ததுதான். இன்றைக்குப் பாய்லருக்கும் டேங்குக்கும் மாட்டுகிற அளவுமானிகளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். காட்டுகிற எண் உண்மையா பொய்யா, அதுதான் தொழில். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காமல் போனதும் இந்தத் தொழிலால்தான் என்று அம்மா சொல்வாள். பொய். நான் பிறவியிலேயே அப்படி.

எஸ்டேட் வாசல் வரும்போது இரண்டாவது பக்கமும் தீர்ந்துவிடும். கப்பல் பாதி வழியில் நிற்கும். எல்லாரும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். பேச்சியக்கா மட்டும் ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு காலை ஜீப்பில் வைத்துக்கொண்டு கேட்கும்.

"போனவுக போய்ச் சேந்தாகளா இல்லியாண்ணே?"

"அது ரெண்டாவது கேசட்டுல இருக்கு ஆத்தா. கெடைச்சதும் சொல்றேன்."

பேச்சியக்காவின் மகன் மலைக்கு மேலே வேலைக்குப் போனவன். ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினான் என்றார்கள், அப்புறம் தகவலே இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அந்தக் கேள்வி கேசட்டைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்குத்தான் வெகுநாள் உறைக்கவில்லை.

காலேஜில் சேர்ந்த முதல் வருஷம், ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் இரண்டாம் பாதியைக் கண்டுபிடித்தேன். ஒரே மூச்சில் கேட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, முடிவு தெரிஞ்சு போச்சு" என்றேன். நீங்கள் ஜீப்புக்கு அடியில் கிடந்தீர்கள். வெளியே தலையை நீட்டாமலே சொன்னீர்கள்.

"சொல்லாத."

"ஏம்ப்பா?"

"வண்டி ஓட்டுற வரைக்கும் எனக்கு அது வேண்டாம். நெதமும் அதப் போட்டுத்தேன் மலை ஏறுறேன். தெரிஞ்சுட்டா நெஞ்சுல அதுதேன் ஓடும். ஸ்பானரை எடு."

இதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எரிச்சல்பட்டேன். ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு நீங்கள் இளைக்கத் தொடங்கினீர்கள். கணையத்தில் புற்று என்றார்கள். மதுரையில் பார்த்த பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மறைக்காமல் சொன்னார். அவரை எனக்குப் பிடித்தது. வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்று சத்தியம் கேட்டாள். நான் சத்தியம் செய்யவில்லை. கையை எடுக்கவும் இல்லை. செய்ததாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஜீப்பை விற்றோம். வண்டியோடு பிளேயரும் போனது. பிளேயருக்குள் கேசட்டும்.

தேனி ஆஸ்பத்திரியில் அந்த மத்தியானம் உங்களுக்கும் நினைவிருக்கும். சித்தப்பா வந்து, வாழைப்பழத்தை ஸ்டூலில் வைத்து, "வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள எந்திரிச்சு நடப்பீகண்ணே, நான் எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இளநீர் வாங்கக் கீழே இறங்கினாள். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"ஏலே, கதவச் சாத்து."

சாத்தினேன்.

"அந்த ரெண்டாவது கேசட்டுல என்ன ஆகுது?"

"வேண்டாம்னு சொன்னீகளே."

"வண்டி ஓட்டுற வரைக்கும்னு சொன்னேன். இப்ப எங்கிட்டு ஓட்டுறேன்? சொல்லு."

"தூங்குங்கப்பா."

"மழுப்பாத. இங்கன வர்றவன் பூராம் மழுப்புறான். நீ ஒருத்தன்தேன் மூஞ்சிக்கு நேரா பேசுற பய. போய்ச் சேந்தாகளா?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொன்னேன்.

"அந்தக் கிரகம் வரைக்கும் போயிட்டாகப்பா. கீழ எறங்க எரிபொருள் பத்தல. ஒண்ணு வெதைய எறக்கலாம், இல்லாட்டி ஆளுகள எறக்கலாம். கேப்டன் வெதைய எறக்கிட்டாரு."

"ஆளுக?"

"மேலதான். சுத்திக்கிட்டே இருக்காக. தூக்கத்துல."

"எந்திரிக்கவே இல்லியா?"

"இல்ல."

நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். நான் பயந்துவிட்டேன். பிறகு உங்களுக்கு முகம் சிவந்தது. நோய் வந்த பிறகு நான் பார்க்காத கோபம்.

"சரக்க எறக்கிட்டு ஆள எறக்காம விட்டுட்டானா? போக்கத்த பய. சாயங்காலம் மூட்டை கெடக்கு மூட்டை கெடக்குன்னு கங்காணி கத்துவான், பொம்பளைகள மொதல்ல ஏத்தாம ஒரு மூட்டைய நான் தொட்டிருப்பேனா? இவனுக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தது?"

"கீழ எல்லாம் பச்சையா மொளச்சிரும்ப்பா. அதான் கடைசிப் பாட்டு. நல்லாருக்கும்."

"மொளச்சு? திங்கிறதுக்கு அங்கன யாரு இருக்கா? குருவியா?"

நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு அடங்குவதற்குள், அதே குரலில், அதே மூச்சில் கேட்டீர்கள்.

"அப்ப எனக்கு?"

அப்போதுதான் புரிந்தது. கேசட்டைக் கேட்டது என்னைச் சோதிப்பதற்கு. அதில் மழுப்புகிறேனா என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகு உங்கள் கேள்வியைக் கொண்டுவந்து வைத்தீர்கள். படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். கேட்கவில்லை.

"சரியாகாதுப்பா."

"எம்புட்டு நாளு?"

"ஆனிச் சாரல் வரைக்கும் தாங்குறது கஷ்டம்னு சொல்லிட்டாக."

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். மலையில் மண் சரிந்து ரோடு இல்லை என்று எதிரே வருகிற டிரைவர் சொன்னால் ஆட்டுவீர்களே, அதே மாதிரி. வண்டியைத் திருப்ப இடம் தேடுகிற தலையாட்டல்.

"அப்ப இங்கன எதுக்குக் கெடக்கேன்? வீட்டுக்கு விடு."

அம்மா இளநீரோடு உள்ளே வந்தபோது நீங்கள் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அவளுக்கு என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "நீயெல்லாம் மனுசனாடா?" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் பேசவில்லை. எனக்கு வருத்தம் இல்லை, அப்பா. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீங்கள் வீட்டில், சொந்தக் கட்டிலில், வாசலில் போகிற ஒவ்வொரு ஜீப்பின் சத்தத்தையும் கேட்டு, அது யாருடையது, எது ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு இருந்த நாட்கள் அந்த ஒரு வார்த்தையால் கிடைத்தவை. அம்மாவும் பிறகு அதை ஒத்துக்கொண்டாள், வாயால் இல்லை, தட்டில் எனக்கு மட்டும் இன்னொரு தோசை வைத்து.

என்னைக் குழப்பியது வேறு. ஒரு காலையில் பேச்சியக்கா கோலூன்றிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தது. முழங்கால் போய், மலை வேலையை விட்டிருந்தது. திராட்சையை ஒரு துண்டில் கட்டிக் கொண்டுவந்து, உங்கள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தது. ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு என் பக்கம் திரும்பியது.

"ஏலே ராக்கெட்டு, நீ பெரிய படிப்புப் படிச்சவன்தான? அந்தக் கேசட்டுல போனவுக என்னடா ஆனாக?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே பதில்தான்.

"எறங்கிட்டாக பேச்சி," என்றீர்கள் நீங்கள், எனக்கு முன்னால். உங்கள் குரலை அவ்வளவு தெளிவாக அந்த மாதத்தில் நான் கேட்டதில்லை. "ரெண்டாவது கேசட்டு கெடைச்சிருச்சு. இவன்தேன் போட்டுக் காட்டுனான். எல்லாரும் எறங்கிட்டாக. வயசானவுகளக் கையப் பிடிச்சு மொதல்ல எறக்கி, பெறகு பொம்பள புள்ளைகள, பெறகுதேன் மூட்டைய எறக்குனாக."

"ஒருத்தரும் விட்டுப் போகலியே?"

"ஒருத்தரும் விட்டுப் போகல. தலைய எண்ணித்தேன் வண்டிய நிறுத்துனான் கேப்டன். நல்ல டிரைவரு."

பேச்சியக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தது. "நான் அப்பவே நெனச்சேன். அந்த ஆளு பேச்சுலயே ஒரு பொறுப்பு தெரியும்ல?" என்றது. நீங்கள் அதன் தலைக்கு மேலே என்னைப் பார்த்தீர்கள். சின்ன வயதில் பிளேயரைக் கழற்றியபோது பார்த்த அதே பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் தெரிந்த பதிலைச் சொல்லாமல் விழுங்கியது அதுதான் முதல் தடவை.

பேச்சியக்கா போன பிறகு, "ஏம்ப்பா பொய் சொன்னீக?" என்று கேட்டேன்.

"எனக்குக் கட்டில்ல கெடந்தா போதும். அவ இன்னும் நடக்கணும்ல" என்றீர்கள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

சாரலுக்கு முன்பே போய்விட்டீர்கள். டாக்டர் சொன்னது சரிதான். அந்த வருஷம் சாரல் நன்றாகவே பெய்தது, மேற்கே மலை தெரியவே இல்லை.

உங்களுக்கு உண்மை, பேச்சியக்காவுக்குப் பொய். இந்த இரண்டில் எது பிழை என்று என் தொழில் புத்தி வெகுநாள் தோண்டிக்கொண்டிருந்தது. விடை வரவில்லை. எனக்கு விடை வராத கணக்குகள் பிடிக்காது. இதை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நேற்றுச் சுத்தமான ஒலியில் கடைசிப் பாட்டையும் கேட்டேன். கீழே பச்சை விரிகிறது, மேலே கப்பல் சுற்றுகிறது. மிக அழகான இசை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் கேட்கக் கேட்க, கேப்டன் மேல் எனக்கும் கோபம் வந்தது. உங்கள் கோபம். எல்லாருக்கும் பிடித்த முடிவு அது, உலகம் முழுக்க அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள், நான் ஒருத்தன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு லைசென்ஸைப் பிடுங்கச் சொல்கிறேன்.

போன மாதம் கம்பத்துக்கு வந்திருந்தேன். பேச்சியக்கா வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. பார்வை மங்கிவிட்டது. என் நடையை வைத்தே கண்டுபிடித்தது.

"ஏலே ராக்கெட்டு, எப்ப வந்த?"

"காலையிலக்கா."

நலம் விசாரித்தது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று திட்டியது. கிளம்பலாம் என்று எழுந்தேன். சேலை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து ஊருக்குக் குடிபோன சொந்தக்காரர்களை விசாரிப்பதுபோலக் கேட்டது.

"அங்கன எறங்குனாகளே, அவுகள்லாம் இப்ப என்ன செய்றாகளாம்?"

அப்பா, எனக்கு அவசரம். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"வெவசாயந்தேன்க்கா. நல்ல மழையாம்."

"என்ன போட்டுருக்காக?"

"ஏலம்."

"நெழல் வேணுமே ஏலத்துக்கு? மரம் வச்சாகளா?"

திரும்ப உட்கார்ந்தேன். மரம் வைத்தார்கள் என்றேன். என்ன மரம் என்று கேட்டது. பலா என்றேன், பலா நிழல் ஏலத்துக்கு ஆகுமா என்று எனக்குத் தெரியாது, ஆகும் என்று தலையாட்டியது. வீடு கட்டிவிட்டார்களா என்றது. கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பையன்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறார்களா, குடிக்கிறார்களா என்றது. ஒருத்தன் மட்டும் கொஞ்சம் சோம்பேறி, ஆனால் வேளைக்குச் சாப்பிடுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான் என்றேன். பேச்சியக்கா பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, "சாப்பிட்டாச் சரி" என்றது.

அந்த பஸ் போய்விட்டது. அடுத்த தடவை போகும்போது அங்கே ஏலம் என்ன விலைக்குப் போகிறது, யார் வந்து எடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கும். யோசித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.